கிராமத்துச் சிறுகதையில் பெண் தனக்காக முடிவெடுக்கிறாளா?

பாகூர் வாசகி:

கிராமத்தைக் களமாகக் கொண்ட நம் சிறுகதைகளில் பெண்ணுக்கு என்ன இடம் கிடைக்கிறது என்பதைப் பற்றி இங்கே பொறுமையாகப் பேச விரும்புகிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகள் பெண்ணைப் போற்றுகின்றன, அவளுக்காகக் கண்கலங்குகின்றன, அவள் விடியலில் சாணம் தெளிப்பதிலிருந்து இரவில் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை வரிசையாக எழுதி வைக்கின்றன. ஆனால் அவள் தனக்கென்று ஒன்றை விரும்பி, அதற்காக ஒரு முடிவெடுத்து, அந்த முடிவோடு மறுநாளும் வாழ வேண்டிய கட்டம் வரும்போது பெரும்பாலான கதைகள் முடிந்துபோகின்றன.

கி. ராஜநாராயணனின் 'கன்னிமை'யை எடுத்துக்கொள்கிறேன். இடைசெவலில் பிறந்தவர் என்றாலும், புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்து, இங்கேயே தங்கி, 2021 மே மாதம் இங்கேயே மறைந்தவர் அவர். நம்மவர் என்ற உரிமையோடுதான் அவர் கதையோடு சண்டை போடுகிறேன். எட்டு ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெண் இல்லையே என்று தாய் தத்தெடுத்து வளர்க்கும் நாச்சியாரம்மா, கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் அள்ளிக் கொடுக்கிறாள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு அதே பெண் கணக்குப் பார்க்கிறவளாக, கையை இறுக்கிக்கொள்கிறவளாக மாறிவிடுகிறாள். இதை முதலில் உடன்பிறந்தவன் ஒருவன் சொல்கிறான், பிறகு கணவன் சொல்கிறான். காய்ச்சலில் கிடக்கும் கணவன், பக்கத்தில் வந்து உட்காராமல் கணக்கில் கண்ணாக இருக்கும் மனைவியைப் பார்த்து, பழைய நாச்சியாரு எங்கே போனாள் என்று ஏங்குகிறான்.

இந்த ஏக்கத்தை நாம் காலங்காலமாக அழகு என்று படித்திருக்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான். அவள் அள்ளிக் கொடுத்த காலத்தில் அந்த வீட்டில் அவளுக்குச் சொந்தமாக இருந்தது எது? தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்று சட்டம் வந்ததே 1989இல்தான். அதிலும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அப்போது அந்த உரிமை கொடுக்கப்படவில்லை. கதை எழுதப்பட்டதோ அதற்கு வெகு காலம் முன்பு. பிறர் சொத்தைப் பரிமாறுகிறவளாக இருந்தவரை அவள் தேவதை. தன் வீடு என்று ஒன்று அமைந்து அதைக் காக்கத் தொடங்கியதும் அவள் பெண்மையை இழந்துவிட்டாள் என்று இரண்டு ஆண்கள் வருந்துகிறார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் சுயமாக இருக்கத் தொடங்கும் இடத்தைக் கதை ஓர் இழப்பாக மட்டுமே பார்க்கிறது என்பதே என் குறை.

கெடிலக்கரை:

அம்மா, உங்கள் வாசிப்பில் இருக்கும் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. ஒரு சிறுகதையைப் பாகப்பிரிவினைப் பத்திரம் போலப் படித்தால் அதற்குள் சர்வே எண்தான் தெரியும், மனிதர்கள் தெரிய மாட்டார்கள். 'கன்னிமை'யில் இரண்டு ஆண்கள் மட்டும் பேசுவது தற்செயலன்று. அந்த இருவரும் தங்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்பதையே பேசுகிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்குமா? உடன்பிறந்தவனின் வியப்பும் கணவனின் ஏக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதால்தான், அவள் சொல்லாமல் விட்ட பகுதி நம் காதில் விழுகிறது. நீங்களே அதைக் கேட்டுத்தானே இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்? கதை அதற்கு வழிவிட்டிருக்கிறது என்பதற்கு உங்கள் பதிவே சாட்சி.

இரண்டாவதாக, சுயம் என்பதைத் தனித்து நிற்பது என்று மட்டும் பொருள்கொள்வது கிராம வாழ்க்கைக்குப் பொருந்தாது. எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் அக்காளாக, நாத்தனாராக, கொழுந்தியாளாக, சம்பந்தியாக ஒரே நாளில் பல இடங்களில் நிற்கிறாள். ஒவ்வோர் இடத்திலும் அவளுக்கு ஒரு சொல்லதிகாரம் உண்டு. பெண்ணெடுப்பதா வேண்டாமா என்று திண்ணையில் ஆண்கள் பேசி முடித்த விஷயத்தை அடுப்படியில் ஒரு வார்த்தையால் மாற்றிவிடும் மாமியார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த அதிகாரத்தை எழுதுவதும் பெண்ணின் சுயத்தை எழுதுவதுதான்.

முடிவெடுக்கும் பெண் வேண்டும் என்றால் தொலைவில் தேட வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் 'யுகசந்தி' நடப்பதே நெய்வேலிக்கும் கடலூருக்கும் நடுவில்தான். இளம் வயதில் கணவனை இழந்து நெய்வேலியில் ஆசிரியையாக வேலை பார்க்கும் கீதா மறுமணம் செய்துகொள்வது என்று முடிவெடுக்கிறாள். அப்பன் அவளைத் தலைமுழுகிவிடத் துணிகிறான். தலை மழித்து முக்காடிட்ட கௌரிப் பாட்டி, தன் வாழ்நாள் முழுதும் எந்த ஆசாரத்தைச் சுமந்தாளோ அதைத் தன் பேத்தி மீது ஏற்ற மாட்டேன் என்று அவளிடமே புறப்பட்டுப் போகிறாள். இதைவிடத் தெளிவான முடிவு என்ன வேண்டும்?

பாகூர் வாசகி:

ஐயா, 'யுகசந்தி' எனக்கும் மிகவும் பிடித்த கதை. ஆனால் அதை நீங்கள் எடுத்துக் காட்டியதால் என் வாதம்தான் வலுப்படுகிறது. கீதா மாதச் சம்பளம் வாங்குகிறாள். நெய்வேலி என்கிற புதிய ஊரில், தெருவுக்குத் தெரு சொந்தக்காரர்கள் இல்லாத ஓர் ஊரில், அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது. பாட்டி புறப்பட்டுப் போவதற்கு ஓர் இடம் இருப்பதால்தான் அவளால் புறப்பட முடிகிறது; ஜெயகாந்தன் அந்த இடத்தைக் கதைக்குள் கட்டி வைத்துவிட்டுத்தான் முடிவை எழுதினார். அது நகரத்து வீட்டின் கதை. கிராமக் கதைகளில் இந்த ஏற்பாடு எங்கே என்றுதான் கேட்கிறேன். நிலம் அவள் பெயரில் இல்லை, கூலி அவள் கைக்கு முழுதாக வருவதில்லை, பிறந்த வீட்டில் அண்ணி வந்துவிட்டாள். இவற்றையெல்லாம் எழுதாமல் அவள் மனத்தின் ஆழத்தை மட்டும் எழுதும்போது, முடிவெடுக்க முடியாமை அவளுடைய இயல்பு போலத் தோன்றிவிடுகிறது.

அடுப்படி அதிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை. மாமியாருக்குக் கிடைக்கும் அந்தச் சொல்லதிகாரம் பெரும்பாலும் இன்னொரு பெண் மீது செலுத்தப்படுவது. மகனைப் பெற்றதற்காகக் கிடைத்து, மகன் தனிக்குடித்தனம் போன அன்றே காலியாகிவிடுவது. அதையும் எழுதட்டும், ஆனால் அதைச் சுயம் என்று சொல்லி வாயடைத்துவிட வேண்டாம்.

முந்திரிக்காடு:

நான் பண்ருட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். என் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். இருவருடைய வாதத்தையும் படித்தேன். இருவருமே பெண்ணைக் கல்யாணத்துக்கு உள்ளேயே தேடுகிறீர்கள் என்பதால் எழுத வந்தேன்.

கொட்டை உடைக்கும் இடத்தை ஒரு சிறுகதையிலாவது விரிவாகப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வறுத்த கொட்டையை ஒரு கையால் கல்லில் நிறுத்தி, மறுகையால் கட்டை கொண்டு ஒரே தட்டில் உடைக்க வேண்டும். தட்டு பலமாக விழுந்தால் பருப்பு நொறுங்கிவிடும். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைசலுக்கு வேறு விலை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும் என்பதால் விரல்களில் சாம்பலைத் தடவிக்கொள்வார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்துப்போகும், ரேகை மங்கிவிடும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவி என் அம்மாவின் விரலை ஏற்க மறுத்து, இன்னொரு விரல், இன்னொரு விரல் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அட்டையில் குடும்பத் தலைவி அவர்தான். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டின் மூத்த பெண்ணையே தலைவியாகக் கொள்ளச் சொல்கிறது. தலைவி என்று அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தான்தான் அவள் என்று கருவியிடம் நிரூபிக்க முடியாமல் அவர் நின்றார். பெண்ணின் அடையாளம் பற்றிய கதை என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இதில் கணவனும் இல்லை, காதலும் இல்லை.

அந்தக் களத்தில் பெண்கள் முடிவெடுப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். யார் வீட்டுப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது, குழுக்கடனில் யாருக்கு முதல் தவணை, குடித்துவிட்டு அடிக்கிறவன் வீட்டுக்கு யார் யார் சேர்ந்து போய்க் கேட்பது, எல்லாம் கொட்டை உடைத்துக்கொண்டே பேசி முடிவாகிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் எங்கள் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, மரத்துக்கான இழப்பீடு பட்டா வைத்திருந்தவர்களுக்கானது. தோப்பு எங்களுடையதன்று, எங்களுக்குப் போனது வேலை. அப்போது யார் திருப்பூருக்குப் போவது, யார் ஊரில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்பதை வகுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். ஒருத்தி தனியாக எடுக்கும் முடிவையே நீங்கள் தேடுவதால் இவர்கள் உங்கள் கணக்கில் வருவதில்லை.

ஒரு கதையை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். பாமாவின் 'கிசும்புக்காரன்' தொகுப்பில் உள்ள 'பொன்னுத்தாயி'. அடித்துத் துன்புறுத்தும் கணவனை விட்டு வெளியேறி, பிள்ளைகளை அவனிடமே விட்டுவிட்டு, ஊர் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் தாலியை விற்று அந்தப் பணத்தில் கடை வைக்கிறாள். தாலி அங்கே அவளுடைய முதலீடாகிவிடுகிறது. அதைப் படித்தபோது எங்கள் களத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்தது போல இருந்தது.

கெடிலக்கரை:

ரேஷன் கடையைப் பற்றி நீங்கள் எழுதியதை யாராவது கதையாக எழுத வேண்டும். நீங்களே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'பொன்னுத்தாயி'யைப் பற்றி மட்டும் என் கருத்து வேறு. அது தேவையான கதை, துணிச்சலான கதை. ஆனால் அது ஒரு செயலைக் காட்டுகிறது; அந்தச் செயலுக்குள் இருக்கும் மனத்தைப் போதுமான அளவு காட்டவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் ஒரு தாய்க்குள் அன்று இரவு என்ன நடந்திருக்கும்? ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்யாணமான மாரியம்மாள் கொதிக்கும் வெயிலில் தனியாக நடந்து பிறந்த ஊருக்கு வருகிறாள்; தான் நேசித்த மச்சானின் நிலையை அறிகிறாள்; அவன் சந்தோஷமாக இல்லை என்பதற்காக அழுகிறாள். அவள் எதையும் விற்கவில்லை, யாரையும் விட்டு வரவில்லை. ஆனால் தன் கணவனுக்கோ தாய்க்கோ ஊருக்கோ உரிமையில்லாத ஒரு மூலையைத் தனக்குள் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அந்த மூலைக்கு அவள்தான் உடைமைக்காரி. சிறுகதை என்கிற சிறிய வடிவத்தால் தொட முடிந்த சுயம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பாகூர் வாசகி:

அந்த மூலையிலும் அவள் அவனுக்காகத்தான் அழுகிறாள், ஐயா. தனக்கு வாய்க்காத வாழ்க்கைக்காக அழுதிருந்தால் கதை எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தன் இழப்பைக் கடந்து அவனுடைய இழப்புக்காக அழுகிறாள் என்பதால்தான் நமக்கு அவளைப் பிடித்துப்போகிறது. நாச்சியாரம்மாவைக் கன்னிப் பருவத்தில் பிடித்ததும் இதே காரணத்தால்தான். கேட்காதவளை, கொடுப்பவளை நேசிக்கப் பழகிய வாசக மனம் நம்முடையது. அந்தப் பழக்கத்துக்கு அந்தக் கதை தீனி போடுகிறது, அதுவும் மிக நேர்த்தியாகப் போடுகிறது.

கெடிலக்கரை:

அவள் அப்படி அழக்கூடாது என்று நீங்கள் விதிக்கிறீர்கள். எதற்காக அழ வேண்டும் என்பதையும் வாசகர் தீர்மானித்தால் அவளுக்கு எஞ்சியிருப்பது என்ன?

வில்லியனூர்:

விவாதம் ஓர் இடத்தில் வந்து நின்றிருப்பதால் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். முடிவெடுத்தாளா இல்லையா என்பதைவிட, கதையைச் சொல்லும் மொழி யாருடையது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கிராமச் சிறுகதைகளில் உரையாடல் பேச்சுவழக்கில் இருக்கும். கதை சொல்லும் குரல் பள்ளிக்கூடம் போய்வந்த ஓர் ஆணின் எழுத்துநடையில் இருக்கும். பெண் மேற்கோள் குறிக்குள் மட்டும் பேசுவாள். மேற்கோள் குறி முடிந்ததும் அவளைப் பற்றிய தீர்ப்பு தொடங்கிவிடும். இந்த அமைப்பு இருக்கும்வரை அவள் வீட்டை விட்டுப் போனாலும் போகாவிட்டாலும் சொல்கிறவன் வேறொருவன்தான்.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் வரும் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறேன். செத்தவரைப் பற்றித் தொடங்கி, நாலாவது அடியிலேயே பாடுகிறவள் தன் கதைக்கு வந்துவிடுவாள். பொங்கல் சீர் நின்றுபோனதை, அண்ணன் பெண்டாட்டி முகம் கொடுக்காததை, தன்னைக் கட்டிக்கொடுத்த ஊரில் தண்ணீருக்கு நடந்த தூரத்தை, சம்பந்தப்பட்ட அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பாடுவாள். அந்த இடத்தில் அவனால் எழுந்து மறுத்துப் பேச முடியாது. ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். நம் கிராமத்துப் பெண்ணுக்கு 'நான்' என்று தன்மையில் பேசும் ஒரு வடிவம் ஏற்கெனவே இருந்தது; அச்சில் வந்த சிறுகதை அதைக் கேட்டு எழுதத் தொடங்கியது வெகு தாமதமாகத்தான். கடலூர், விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டு எழுத்தாளர்களில் கண்மணி குணசேகரன் இந்த மண்ணின் சொற்களைத் திரட்டித் தனி அகராதியே கொண்டுவந்திருக்கிறார். அவருடைய 'அஞ்சலை' நாவல்தான், சிறுகதையன்று. ஆனாலும் ஒருவனைக் காட்டி இன்னொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் ஆத்திரம், அவள் வாழ்ந்த ஊர்களின் மொழியிலேயே பக்கம் பக்கமாக வருவதால், அவளைப் பற்றி நாம் இரங்குவதற்கு முன்பே அவள் தன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறாள். எழுதியவர் ஆணா பெண்ணா என்பதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

திட்டக்குடி வாசகர்:

சாதியைத் தொடாமல் இவ்வளவு தூரம் பேசியிருக்கிறோம். கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் முடிவு என்பது அவளுக்கும் கணவனுக்கும், அவளுக்கும் மாமியாருக்கும் நடுவிலான விஷயமாக மட்டும் இருப்பதில்லை. 2003இல் விருத்தாசலத்துக்கு அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இளம் தம்பதியைப் பெண்ணின் உறவினர்கள் ஊரறியக் கொன்றார்கள். கடலூர் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2021இல். பதினெட்டு ஆண்டுகள். இந்த மண்ணில் நின்றுகொண்டு கிராமப் பெண்ணின் சுயத்தைப் பேசுகிறவர்கள் அடுப்படியிலேயே நின்றுவிடக் கூடாது.

இமையத்தின் 'பெத்தவன்' அந்த இடத்துக்குப் போகிறது. தலித் இளைஞனை விரும்பும் மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து தகப்பனுக்குக் கட்டளை போடுகிறது. கொன்றுவிடுகிறேன் என்று ஊரிடம் ஒப்புக்கொண்டு வந்த பழனி, இரவோடு இரவாக மகளைத் தப்ப வைத்துவிட்டுத் தான் சாகிறார்.

பாகூர் வாசகி:

அந்தக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் வலிமையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதிலும் ஈரமும் தவிப்பும் சாவும் தகப்பனுக்குத்தான். மகள் பாக்கியம் இருட்டில் புறப்பட்டுப் போனதோடு கதையை விட்டும் போய்விடுகிறாள். தன்னால் அப்பா செத்தார் என்பது தெரிந்த பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? நல்ல ஆண் ஒருவன் வழிவிட்டதால் கிடைத்த விடுதலையாக அது முடிகிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

திட்டக்குடி வாசகர்:

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கதையின் விசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு அடித்தும், அவமானப்படுத்தியும், அடைத்து வைத்தும் அந்தப் பெண் தன் முடிவிலிருந்து இறங்கவில்லை. அவள் ஒரு சொல் இறங்கி வந்திருந்தால் பஞ்சாயத்தும் இல்லை, பழனியின் சாவும் இல்லை, கதையே இல்லை. ஊர், உறவு, தகப்பன் என்று எல்லோரும் அவளுடைய பிடிவாதத்தைச் சுற்றித்தான் அசைகிறார்கள். அவள் குறைவாகப் பேசுவதால் அவளுடைய கதை இல்லை என்று எப்படிச் சொல்வது? தகப்பனை எழுதியதற்கும் ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். அந்தக் கதையைப் படித்துத் திருந்த வேண்டியவர்கள் மகள்களல்லர். கயிற்றையும் மருந்தையும் கையில் வைத்திருக்கும் தகப்பன்களும் அண்ணன்களும் சித்தப்பன்களும்தான் அதன் வாசகர்கள். அவர்களில் ஒருவனாக இருந்து பார்த்தால்தான் அவர்களுக்கு உறைக்கும்.

முந்திரிக்காடு:

திட்டக்குடி ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தாலும், அவள் அம்மாவிடம்தான் முதலில் கேள்வி வரும். பெண்ணை எப்படி வளர்த்தாய் என்று. 'பெத்தவன்' கதையில் தகப்பனின் தவிப்பை இவ்வளவு பேசுகிறோம், அந்த வீட்டில் இருக்கும் மற்றப் பெண்களைப் பற்றி இந்த விவாதத்தில் இதுவரை ஒருவரும் பேசவில்லை. ஊரை எதிர்த்துக்கொண்டு அந்த ஊரிலேயே மிச்ச நாளைக் கழிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். யார் அவர்களைக் கூலிக்குக் கூப்பிடுவார்கள், எந்தக் கடையில் அவர்களுக்குச் சாமான் கொடுப்பார்கள்? போனவளின் துணிச்சலுக்கு இருந்தவர்கள் கொடுக்கும் விலையையும் பெண்களின் கணக்கில் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வில்லியனூர் அண்ணன் ஒப்பாரியைப் பற்றி எழுதியதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் சாவு வீட்டில் மட்டும் கிடைக்கும் பேச்சுரிமையைப் பெரிதாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் பால் தெளித்து முடித்ததும் அண்ணன்காரன் ஒரு சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். பாட்டில் கேட்ட கேள்விக்கு அதோடு பதில் முடிந்துவிடும்.

கெடிலக்கரை:

எல்லோருடைய பதிவையும் மீண்டும் படித்தேன். என் நிலையைக் கூடுதல் தெளிவோடு சொல்ல முயல்கிறேன்.

கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கை மாறிக்கொண்டிருக்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் பக்கத்து வீட்டு அம்மாள் யாரிடமும் பத்து ரூபாய் கேட்காமல் திருப்பாதிரிப்புலியூர் வரை போய்வருகிறார். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போய், தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறார். 2023 செப்டம்பர் முதல், தகுதி பெற்ற குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் விழுகிறது. இவை சிறிய மாற்றங்களல்ல. எழுத்தாளர் இவற்றைக் கவனிக்கத்தான் வேண்டும். பாகூர் அம்மா கேட்கும் நிலமும் கூலியும் போக்குவரத்தும் கதைக்குள் வர வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது, கதையின் தரத்தை அந்தப் பெண் எவ்வளவு தூரம் வெளியேறினாள் என்பதை வைத்து அளப்பதை. வெளியேற முடியாதவளுக்கும் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அவளை எழுதும்போது எழுத்தாளர் நேர்மையாக இருந்தாரா, அவளைப் பரிதாபப் பொருளாக்காமல் இருந்தாரா என்றுதான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பத்தியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடக்கும் பெண்கள் வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பது எழுதியவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கதைகள் நம்மிடம் இப்போதே நிறைய இருக்கின்றன. சிறுகதை மறுநாளையும் எழுதக் கடமைப்பட்டதன்று. ஒரு கணத்தை உண்மையாக எழுதினால் போதும்.

பாகூர் வாசகி:

கதவைத் திறந்துகொண்டு நடக்கும் பெண்களில் எனக்கும் நம்பிக்கை இல்லை, ஐயா. அந்தக் கதைகளும் நான் முதலில் சொன்ன இடத்திலேயே நிற்பவைதான். வாசற்படி தாண்டியதும் அவளுக்கு வாடகை கொடுக்க வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்பார்கள், ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும்போது அவளை ஒரு தலைக்கட்டாக எண்ணுவார்களா என்பது தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் வரிப் பட்டியலில் ஆண் வாரிசு இல்லாத வீட்டை எப்படி எழுதுவது என்பதற்கே பெரியவர்கள் கூடிப் பேசிய சம்பவம் உண்டு. ஒரு பெண்ணின் பெயரை எழுதினால் நாளைக்குக் கோயிலில் முதல் மரியாதையும் கேட்பாளே என்றுதான் அன்றைக்குக் கவலைப்பட்டார்கள். அதை எழுதினால் அதற்குள் நிலமும் சாதியும் சாமியும் அவளுடைய பெயரும் தானாக வந்துவிடாதா?

ஒரு கணம் போதும் என்கிறீர்கள். சரி, எந்தக் கணம்? இதுவரை நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அவள் தாங்கிக்கொண்ட கணமும் உடைந்துபோன கணமும்தான். பொன்னுத்தாயி கடை திறந்த மறுநாளிலும் ஒரு கணம் இருக்கிறது. கடன் கேட்டு முதலில் வந்தவர் யார்? அவளைத் தூற்றிய பக்கத்து வீட்டுக்காரியா, கணவனுடைய தம்பியா? பொட்டலம் கட்டும்போது அவள் கை தயங்கியதா? நோட்டில் அந்தப் பெயரைக் கடனாக எழுதினாளா, காசை வைத்துவிட்டுப் போ என்றாளா? நாச்சியாரம்மாவும் அப்படித்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கு நோட்டில் இருந்தது என்ன என்று அவள் பக்கம் உட்கார்ந்து படித்த ஒரு கதையை யாராவது எனக்குக் காட்டுங்கள். அன்றைக்கு இந்த விவாதத்தை வேறு இடத்திலிருந்து தொடங்கலாம்.

கெடிலக்கரை:

அந்த நோட்டைப் படிக்கும் கதையை நானும் படிக்க விரும்புகிறேன். ஆனால் அது வந்த பிறகும், காய்ச்சலில் கிடந்தவனின் கதையை நான் கீழே வைக்க மாட்டேன்.